ஒரு சாண் காம்பும் ஒன்றரை அங்குலக் காம்பும்

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை, என் தையல் மெஷின் மூவரும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் அக்காவின் முழங்காலும் நலமா என்று அறிய ஆவல். ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் நடந்த காட்டுப்பூக் கண்காட்சியில் அத்தனை பேர் முன்னால் நான் உங்களைத் தோற்கடித்ததை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். நான் வைத்துக்கொள்கிறேன், அது போதும்.

மூன்று மாதம் முன்பு உங்கள் வீட்டு வாசலில் முளைத்திருந்த வெட்டுக்காயப் பூண்டைப் பார்த்துக் கரிசலாங்கண்ணி என்று சொல்லிவிட்டேன். "மாப்பிள்ளை, ரெண்டும் ஒரே குடும்பம்தான், ஆனா வேற வேற செடி. துணிய நீங்க பாருங்க, செடிய நான் பாத்துக்கறேன்"னு சிரித்தீர்களே, அன்றைக்கே சபதம் எடுத்தேன். தையல் கடையை ஒரேயடியாக மூடியபின் எனக்கு வேறென்ன வேலை? மறுநாளே இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் காலிமனைக்குப் போனேன். நான் குனிந்து அளப்பதைப் பார்த்த காவலாளி, எவனோ இடத்தை வளைக்கப் பார்க்கிறான் என்று சொந்தக்காரருக்குப் போன் போட, அவர் வக்கீலோடு வந்து இறங்க, "பூவுக்கு அளவெடுக்கறேன்"னு நான் சொல்ல, வக்கீல் என்னை நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, "வீட்டு நம்பர் ஞாபகம் இருக்கா ஐயா?" என்று கேட்டார். அதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? வெட்டுக்காயப் பூண்டுக்குக் காம்பு ஒரு சாண் நீளம், நடுவில் மஞ்சள், சுற்றி ஐந்தாறு இதழ், ஒவ்வொன்றின் நுனியிலும் கத்தரி வைத்த மாதிரி மூன்று பல். கரிசலாங்கண்ணிக்கோ காம்பு ஒன்றரை அங்குலத்தைத் தாண்டாது, நடுவும் வெள்ளை, இதழ்கள் பிரிந்த நூல் மாதிரி பொடிப்பொடியாக இருக்கும், தண்டைக் கசக்கினால் கறுத்துப்போகும். எல்லாம் நோட்டில் ஏறிவிட்டது.

ஞாயிறன்று நீங்கள் அந்த இரண்டு செடிகளையும் வைத்திருந்த தொட்டிகளில், உங்கள் கையெழுத்திலேயே, பெயர்ச்சீட்டு இடம் மாறி இருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "எல்லாரும் நில்லுங்க"ன்னு நான் போட்ட சத்தத்தில் நூலகர் அம்மா கையிலிருந்த டீ உங்கள் சட்டையில் கொட்டியது, அதற்கு வருந்துகிறேன். ஆனால் அளவு சொல்வதை நிறுத்தவில்லை. கடைசியில் குட்டைக்காம்புச் செடியின் தண்டைக் கசக்கி என் வெள்ளைச் சட்டைக் கையில் தேய்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம் ஒருவரும் நகரவில்லை. சட்டைக் கை கறுத்தது. தாவரவியல் வாத்தியாரான நீங்கள்தான் முதல் ஆளாகக் கைதட்டினீர்கள். தோற்றவர் முதலில் கைதட்டுவதை அங்கேதான் பார்த்தேன்.

ஆகவே "மாப்பிள்ளை சொன்னதே சரி" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பவும். சட்டம் போட்டு மாட்ட மெஷினுக்கு மேலே ஆணி அடித்தாயிற்று.

அக்காவின் முழங்கால் சீக்கிரம் வலியில்லாமல் மடங்கட்டும். பேத்திகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்ட உங்கள் தங்கையிடம் பசை கேட்டேன். அவள் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னாள்: "சீட்ட மாத்தி வச்சது நான்தான். கடைய மூடினதுலேர்ந்து மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு இருந்தீங்க. அந்த நோட்ட வச்சு இவரு ஒரு தடவை ஜெயிக்கட்டுமேன்னு அண்ணன்கிட்ட கேட்டேன். அவரும் சரின்னுட்டாரு." மச்சான், அரைமணி நேரம் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. எழுந்து மெஷினுக்கு எண்ணெய் போட்டேன். டீக்கறை பட்ட சட்டையைத் தூக்கிப் போடுங்கள், புதிது தைத்து அனுப்புகிறேன், உங்கள் அளவு எனக்கு மனப்பாடம். ஆனாலும் ஒன்று. சீட்டை மாற்றினீர்களே தவிர, எது எந்தச் செடி என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதனால் நான் கேட்ட தாளை எழுதி அனுப்புங்கள். ஆணியை நான் பிடுங்குவதாக இல்லை.