பண்டரிபுரம் போனவர்களுக்கு நான் காட்டிய கருணை

இருபத்தாறு வயதில் நான் உலகத்தைத் திருத்துகிற வேலையில் இருந்தேன். (சம்பளம் தந்தது என்னவோ தேஹு ரோடு ராணுவக் கிடங்கு, அங்கே நான் குமாஸ்தா.) தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கொள்கை. கையில் எதுவும் இல்லாதவரை அது மிகவும் சௌகரியமான கொள்கையாக இருந்தது. பிறகு ஒரு கார் வந்து சேர்ந்தது.

வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊருக்குக் கப்பல் ஏறும்போது விட்டுப்போன கார். பல கை மாறி, பூனாவின் கேம்ப் பகுதியில் ஒரு ஒர்க்‌ஷாப்பின் பின்புறம் கிடந்தது. பின் ஸீட்டில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழியை எழுப்பிவிட்டுத்தான் அதை எடுத்து வந்தேன். முன்னால் குனிந்து இரும்பு ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினால் பத்துக்கு மூன்று முறை கிளம்பும். இடது கதவைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும்.

கிடங்குக் காண்டீனில் பெஞ்சு மேல் ஏறி நின்று அறிவித்தேன்: "இது என் கார் இல்லை. ரோட்டில் நடக்கிற எல்லாருடைய காரும். நடந்து போகிற ஒருவரைக்கூட ஏறச் சொல்லாமல் தாண்டிப் போகமாட்டேன்!" கை தட்டினார்கள். அன்று மாலையே ஏழு பேர் ஏறினார்கள். (ஏழு பேரும் இறங்கித் தள்ளினார்கள்.)

இந்தச் சமயத்தில்தான் கோமதி. கிர்க்கியில் தமிழர்கள் நடத்திய பொங்கல் விழாவில் பாட வந்தவள், மைக் வேலை செய்யவில்லை என்றதும் அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் பாடினாள். கடைசி வரிசையில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவிடம் சொன்னேன், அக்கா அத்தானிடம் சொன்னாள், பெண் பார்க்க நாள் குறித்தார்கள்.

கோமதியின் அப்பா தபால் இலாகா. பஞ்சாங்கம் பார்க்காமல் தபால் பையைக்கூட அவிழ்க்கமாட்டார் என்று பேச்சு. ஆனி மாதத்தில் அவர் ஒதுக்கியது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் வாசல் ஏறிவிட வேண்டும். ஆடியில் பேச்சே கிடையாது. ஆவணியில் வந்து பார்க்க பம்பாயிலிருந்து ஒரு ரயில்வே மாப்பிள்ளை தயாராக இருந்தார்.

"பேசாம ரயில்ல போயிருவோம்ல" என்றாள் அக்கா.

நான் சம்மதிக்கவில்லை. என் லட்சியத்தைக் கோமதி நேரில் பார்க்க வேண்டாமா? அக்கா, அத்தான், நான் மூன்று பேரும் இரண்டு மணிக்கே காரில் கிளம்பினோம். அக்கா மடியில் பூவும் பழமும்.

பூனா ரோட்டில் ஏறியதும் பார்த்தால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஜனங்கள். தேஹுவிலிருந்து பண்டரிபுரம் போகிற யாத்திரை. காவிக் கொடி, ஜால்ரா, மிருதங்கம், 'விட்டல விட்டல' என்று கோஷம். பாவம், இத்தனை பேரும் டிக்கெட்டுக்கு வழியில்லாமல் நடக்கிறார்கள்! (பூனாவுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத திருநெல்வேலிக்காரன் நான்.)

சிஞ்ச்வடில் நிறுத்தினேன். தலையில் துளசிச் செடியைச் சுமந்து வந்த ஓர் அம்மாளுக்கு முன் கயிற்றை அவிழ்த்துக் கதவைத் திறந்துவிட்டேன். "நகோ, நகோ" என்றார். வேண்டாமாம். கூச்சப்படுகிறார் என்று நினைத்து, என்னிடம் இருந்த நாற்பது மராத்திச் சொற்களையும் செலவழித்து மனித சமத்துவத்தை விளக்கினேன். அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டு நடந்தார். இதற்குள் கார் அணைந்துவிட்டது. ஹாண்டில் போட்டுக் கிளப்ப இருபது நிமிஷம்.

"ஏலே, இன்னைக்கு ஒருநாளாவது ஒன் கொள்கைய வீட்ல வச்சிட்டு வரப்படாதா?" என்றாள் அக்கா.

காசர்வாடியில் காலை இழுத்து இழுத்து நடந்த ஒரு கிழவருக்காக மறுபடி நிறுத்தினேன். அவர் சிரித்து, என்னை இறங்கி நடக்கச் சொன்னார். மறுபடி ஹாண்டில்.

அப்போதுதான் அத்தான் வாயைத் திறந்தார். "ஏ மாப்ளே, அவங்க நடக்கதுக்குன்னே வந்தவங்க. நடந்து போறதுதான் அவங்க வேண்டுதல். ஒனக்கு இது தெரியாதா?"

"இதை முதல்லயே சொல்லப்படாதா அத்தான்?"

"சொன்னா நீ கேக்கவா போற?"

தாபோடிப் பாலத்தில் கார் தானாகவே நின்றது. ஹாண்டிலைச் சுற்றினேன், சுற்றினேன், உள்ளங்கை தோல் உரிந்தது. மணி நாலு. தூறல் வேறு. அக்கா புடவைத் தலைப்பால் பூவை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எனக்கும் அழுகை வந்தது. பம்பாய்க்காரர் என் கண்முன் மணவறையில் உட்கார்ந்துவிட்டார்.

பின்னாலிருந்து பாட்டு நெருங்கியது. காசர்வாடிக் கிழவரும் அவர் கூட்டமும். "பைஸ், மாவுலி, பைஸ்!" என்று என்னை உட்காரச் சொன்னார் கிழவர். (மாவுலி என்றால் தாய். வழியில் பார்க்கிற எல்லாரையும் அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், என்னைப் போன்றவர்களைக்கூட.) முப்பது பேர் காரில் கை வைத்தார்கள். கார் அதன் ஆயுளில் முதல் தடவையாகச் சத்தமில்லாமல் ஓடியது.

ஆனால் அவர்கள் பாட்டின் வேகத்தில்தான் தள்ளினார்கள். ஒரு பாட்டு முடிந்தால் நிற்பார்கள். யாராவது தண்ணீர் கொடுத்தால் நிற்பார்கள். அவசரம் என்பதற்கு மராத்தியில் என்ன சொல்வது என்று அந்த நாற்பதில் இல்லை. கிர்க்கியில் பெண் வீட்டு வாசலை அடைந்தபோது மணி ஐந்து அடிக்க ஐந்து நிமிஷம்.

வாசலில் கோமதியின் அப்பா, கையில் கடிகாரம். எங்களைப் பார்த்தார், ஜால்ராக்களைப் பார்த்தார். "ராகு காலத்துல உள்ள காலெடுத்து வைக்கப்படாது" என்றார். "ஆறு மணி வரைக்கும் வண்டியிலயே இருங்க."

அவர் பின்னாலிருந்து கோமதி வந்தாள். பட்டுப்புடவையோடு, கையில் தாம்பாளம். நேராக யாத்திரைக்காரர்களிடம் போய், எங்களுக்காகச் செய்த கேசரி, பஜ்ஜி அத்தனையையும் பரிமாறினாள். அவர்கள் அவளை ஆசீர்வதித்துவிட்டு நடந்தார்கள். என் பக்கம் வந்தபோது தாம்பாளத்தில் ஒன்றுமில்லை. அவள் ஒரு நிமிஷம் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மூக்கில் கிரீஸ், கையில் ரத்தம், தலையெல்லாம் மழை. பிறகு ஒரு மணி நேரம் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். தெருவே வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனது.

ஆறு மணிக்கு உள்ளே போனோம். கோமதியின் அம்மா கதவோரம் நின்று சொன்னாள்: "மாப்பிள்ளைய அவளுக்குப் பிடிச்சிருக்காம். கார் மட்டும் வேண்டாங்கா."

மறுநாளே காரைக் கேம்புக்கு அனுப்பிவிட்டேன்; கோழிக்கு மீண்டும் இடம் கிடைத்தது. கொள்கை மாறவில்லை: இன்றுவரை எனக்கென்று கார் கிடையாது. ஐப்பசியில் கல்யாணம் நடந்தது.

இப்போது எங்கள் பேத்திகள், அரைத் தமிழும் அரை மராத்தியுமாகக் கோமதியை விடாமல் கேட்கிறார்கள், தாத்தா உன்னைப் பார்க்க எப்படி வந்தார் என்று. அவள் என் எதிரிலேயே சொல்வாள்:

"அவரு எங்கட்டி வந்தாரு? முப்பது பேரு சேந்து தள்ளிட்டு வந்து எங்க வாசல்ல விட்டுட்டுப் போயிட்டாங்க. சாமி காரியமா வந்தவங்க விட்டுட்டுப் போனத வேண்டாம்னு சொல்ல முடியுமா?"