டர்போ நாகப்பன்

மேம்பாலத்தின் பாதியில் ஒரு மீன்பாடி வண்டி நாகப்பனின் புது காரை முந்திக்கொண்டு போனது.

பழைய ஸ்கூட்டர் இன்ஜினை மூன்று சக்கரத்தில் வைத்துக் கட்டிய வண்டி. அதன் மேல் ஐஸ் பெட்டி, பெட்டி மேல் கோணி, கோணி மேல் ஒரு ஆள் குந்திக்கொண்டு பீடி குடித்தபடி வந்தான். காரின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த 'டர்போ' என்ற எழுத்தை வாய்விட்டுப் படித்தான். பக்கத்தில் வந்ததும் குனிந்து, "இன்னா நைனா, எறங்கி தள்ளணுமா?" என்று கேட்டான்.

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே உதவி செய்யத்தான் கேட்டான். அதுதான் நாகப்பனுக்கு ரொம்ப வலித்தது.

நாகப்பன் அம்பத்தூர் எஸ்டேட்டில் நாலு லேத் போட்டுப் பட்டறை நடத்துகிறவன். வீடு அண்ணனூரில். அண்ணனூருக்கு வந்த முதல் டர்போ டீசல் கார் அவனுடையதுதான். டர்போ என்றால் இன்னா என்று தெருவில் கேட்டார்கள். அவனுக்கும் சரியாகத் தெரியாது. குழம்பில் மிளகாய் தூக்கலாகப் போட்ட மாதிரி என்று சொல்லி வைத்திருந்தான்.

வண்டி எடுத்த அன்றைக்கு அது பறக்கத்தான் செய்தது. பூந்தமல்லி ரோட்டில் எண்பதில் போனான். பக்கத்தில் அவன் பெண்டாட்டி சொர்ணம் கதவுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி முருகனிடம் என்னவோ வேண்டினாள். வண்டி நல்லா ஓடணும்னு வேண்டுகிறாள் என்று நாகப்பன் சந்தோஷப்பட்டுத் தொண்ணூறுக்குப் போனான்.

மறுநாள் சொர்ணம் ஆவடி மார்க்கெட்டுக்குப் போய் சீட்டுக்குத் துண்டு, கண்ணாடிக்குத் திரை, ஸ்டியரிங்குக்கு உறை, காலுக்கு ரப்பர் மிதியடி என்று ஒரு கூடை நிறைய வாங்கி வந்து காரை அலங்கரித்தாள். சீட்டில் கம்பெனி போட்ட பிளாஸ்டிக்கைப் பிரிக்கக்கூடாது என்று உத்தரவு போட்டாள். செருப்பைக் கழற்றாமல் யாரும் ஏறக்கூடாது. நாகப்பனும் வெறுங்காலோடுதான் ஓட்டினான்.

அந்த வாரமே வண்டிக்கு சோம்பல் வந்துவிட்டது. நாற்பது வரை போகும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் அவ்வளவுதான். ஷோரூமுக்கு எடுத்துப் போனான். அவர்கள் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, வண்டியில் ஒரு குறையும் இல்லை, ஓட ஓட சரியாகிவிடும் என்று சொல்லி, ஒரு சாவிக்கொத்து கொடுத்து அனுப்பினார்கள்.

ஓட ஓடச் சரியாகட்டும் என்று காத்திருக்க அவனுக்கு நேரம் இல்லை. மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை திருத்தணியில் அவன் தங்கச்சி முத்தம்மாளின் மகனுக்கு மொட்டை, காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தவேண்டும். தாய்மாமன் இரண்டு பேர். மூத்தவன் வேம்புலி, பழைய அம்பாசிடர் ஒன்றை டாக்சி ஓட்டுகிறவன். முத்தம்மாளின் மூத்த பெண்ணுக்கு அவன் மடியில்தான் குத்தினார்கள். இந்த முறை என் மடி என்று நாகப்பன் சொன்னான். பெரியவன் நான் உயிரோடு கீறேன் என்று வேம்புலி சொன்னான்.

நாகப்பனுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், அவனும் பேசமாட்டான். காது குத்தும்போது ஒரு குழந்தை தன் மடியில் உட்கார்ந்து அழவேண்டும் என்று மட்டும் அவனுக்கு ஆசை.

சண்டை முற்றியதும் முத்தம்மாள் ஒரு தீர்ப்பு சொன்னாள்.

"நானும் அவரும் கொழந்தைய எட்த்துக்கினு ரயில்ல பூடுறோம். நீங்க ரெண்டு பேரும் உங்க உங்க வண்டில வாங்க. யாரு மொதல்ல மல மேல வந்து நிக்கிறானோ அவன் மடி. அதுக்கு மேல பஞ்சாயத்து பண்ண எனக்குத் தெம்பு இல்ல."

நாகப்பன் பூந்தமல்லிக்குப் போய் மெக்கானிக் அமீருதீனைப் பார்த்தான். அமீருதீன் பானெட்டைத் தூக்கி டீசல் பம்பைக் காட்டினார். அதில் ஒரு ஸ்குரூ. ஸ்குரூ மேல் மெல்லிய கம்பி சுற்றி, கம்பியில் மிளகளவு ஈயக்குண்டு கோத்திருந்தது.

"இந்த ஸ்குரூவ அர சுத்து சுத்துனா போதும் அண்ணாத்தே, ஒன் வண்டி மல இன்னா, மரமே ஏறும். ஆனா இந்தக் குண்டு கம்பெனி சீலு. இது அறுந்துதுன்னா வாரண்டி பூட்ச்சு. நாளைக்கு இன்ஜினே கழண்டு வுழுந்தாலும் அவன் திரும்பிப் பாக்கமாட்டான்."

நாகப்பன் அந்தக் குண்டைத் தொடக்கூட பயந்தான். அன்றிலிருந்து காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து ஈயக்குண்டைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. சீல் அறுக்காமல் வண்டிக்கு சக்தி ஏற்றவேண்டும். வேறு இன்னா வழி என்று பார்ப்போர் எல்லோரையும் கேட்டான்.

வண்டியில் கனம் அதிகம், எடுத்துப் போட்டுவிடு என்று பட்டறையில் ஒருத்தன் சொன்னான். நாகப்பன் ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கியில் கிடந்த சகலத்தையும் இறக்கி வைத்தான். வேலப்பன்சாவடி தாண்டி நூம்பல் போகிற மண் ரோட்டில் டயர் பஞ்சர் ஆனது. ஸ்டெப்னி அண்ணனூரில் தூங்கிக்கொண்டிருந்தது. மழை பெய்த சேற்றில் ஒரு மணி நேரம் நின்று, சேற்றுக் காலோடு வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்தான். சொர்ணம் எதுவும் திட்டவில்லை. மறுநாள் ரப்பர் மிதியடி மேல் ஒரு கயிற்று மிதியடி வாங்கிப் போட்டாள். அவள் பொறுமையை நினைத்து நாகப்பனுக்குக் கண் கலங்கியது.

வண்டி முப்பத்தஞ்சுக்கு இறங்கியது.

வண்டிக்கு மூச்சு முட்டுகிறது, காத்து போகிற ஃபில்டரைக் கழற்றிவிட்டால் சரியாகும் என்றான் இன்னொருத்தன். அதற்கு சீல் கிடையாது. கழற்றினான். வண்டி 'ஊ' என்று ஊளையிட ஆரம்பித்தது. அண்ணனூர் ரயில் ஷெட் பக்கம் போனபோது ஷிஃப்ட் முடிந்த சங்கு என்று நினைத்து இரண்டு பேர் டிபன் பாக்ஸோடு வெளியே வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வேம்புலி தம்பியை எங்கே பார்த்தாலும் "ஊ" என்று மட்டும் சொன்னான்.

ஃபில்டரைத் திரும்பவும் மாட்டிக்கொண்டு நாகப்பன் அமீருதீனிடம் போனான். அமீருதீன் தானே ஓட்டிப் பார்க்கிறேன் என்றார். அவர் காலெல்லாம் கிரீஸ். அண்ணிக்கு யார் பதில் சொல்றது என்று மிதியடிகளை மடித்துப் பின்சீட்டில் போட்டுவிட்டு ஏறினார். நாகப்பன் டீக்கடை வாசலில் நின்றான். வண்டி போன வேகத்தில் டீக்கடையின் தட்டி ஆடியது.

திரும்பி வந்த அமீருதீன் மிதியடிகளை இருந்த இடத்தில் ஒழுங்காக விரித்துவிட்டு இறங்கினார்.

"வண்டில கொற இல்ல அண்ணாத்தே. கொற ஒன் கால்ல கீது."

இது ஆவடி வரைக்கும் பரவிவிட்டது. நாகப்பனுக்குக் கால் ராசி இல்லை என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டினார்கள். சித்தி கெங்கம்மாள் வந்து அவன் காலுக்கு மட்டும் திருஷ்டி சுற்றிப் போட்டாள். நாகப்பன் ராசியை நம்பவில்லை. காலில் கனம் பத்தவில்லை என்று நினைத்தான். பட்டறையிலிருந்து இரும்பு மூக்கு வைத்த ஷூவை எடுத்து வந்து, முதல் முறையாகச் செருப்புச் சட்டத்தை மீறி, ஷூவோடு வண்டியில் ஏறினான்.

சொர்ணம் அதற்கும் கோபிக்கவில்லை. இரும்பு ஷூ பட்டால் வண்டி கெட்டுப்போகும் என்று மட்டும் சொல்லி, விரல் கனத்தில் ஒரு ஸ்பாஞ்ச் மிதியடி வாங்கி, கயிற்று மிதியடி மேல் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. வண்டி முப்பதில் போனது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வண்டியும் ஒரே நேரத்தில் கிளம்பின. நாகப்பன் வண்டியில் பக்கத்தில் அமீருதீன், பின்னால் சொர்ணமும் சித்தி கெங்கம்மாளும் சீர்த்தட்டும். திருவள்ளூர் வருவதற்குள் அம்பாசிடர் முந்திவிட்டது. வேம்புலி கையை வெளியே நீட்டி, பஸ்ஸுக்கு வழி விடுகிற மாதிரி சாவகாசமாக ஆட்டிவிட்டுப் போனான். சொர்ணம் வெளியே வேடிக்கை பார்த்தாள். வயல் எவ்வளவு பச்சையாக இருக்கிறது, நிதானமாகப் போனால்தானே தெரிகிறது என்றாள். நாகப்பனுக்கு அழுகை வந்தது.

மலை அடிவாரத்தில் அவனுக்கு ஒரு அதிர்ஷ்டம். அம்பாசிடர் பானெட்டைத் தூக்கிக்கொண்டு புகைவிட்டபடி நின்றது. வேம்புலி குடத்தோடு தண்ணீர் தேடிக்கொண்டிருந்தான். நாகப்பன் அவனைத் தாண்டி மலை ரோட்டில் ஏறினான். இரண்டாவது வளைவு வரை ஏறினான். அங்கே வண்டி முக்கி, முனகி, நின்றுவிட்டது. சித்தி இறங்கினாள். சீர்த்தட்டை இறக்கினார்கள். அப்படியும் அசையவில்லை. பாதயாத்திரை வந்த கிழவர் ஒருத்தர் வண்டியைச் சுற்றி நடந்து போனார்.

கீழே அம்பாசிடர் கிளம்பும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அது வந்து, தாண்டி, போயே போய்விட்டது. தாண்டும்போது வேம்புலி "ஊ" என்றான்.

நாகப்பன் இறங்கி பானெட்டைத் திறந்தான். ஈயக்குண்டு வெயிலில் மினுக்கியது.

"அறுத்துடு பாய்."

"யோசிச்சுக்கோ அண்ணாத்தே. வாரண்டி இன்னும் பதினோரு மாசம் கீது."

"வாரண்டிய மடில வெச்சி காது குத்த முடியாது பாய். அறு."

அமீருதீன் பிஸ்மில்லா சொல்லிக் கம்பியை வெட்டினார். ஸ்பேனர் போட்டு அரைச் சுற்று. நாகப்பன் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் கால் சுற்று. ஈயக்குண்டை நாகப்பன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சொர்ணம் இதையெல்லாம் சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். எதற்கு அந்த ஸ்குரூ என்று அமீருதீனைக் கேட்டாள். அவர் சொன்னதும் அவள் முகம் மாறியது.

எல்லோரும் ஏறினார்கள். நாகப்பன் மிதித்தான். வண்டி ஒரு முறை உறுமி, பின்னால் கறுப்பாக ஒரு மேகத்தைத் தள்ளிவிட்டுக் கிளம்பியது. மூன்றாவது வளைவு, நாலாவது வளைவு. சித்தி கெங்கம்மாள் தாலியைக் கண்ணில் ஒத்திக்கொண்டாள். கடைசி வளைவில் அம்பாசிடரைப் பிடித்தார்கள். வேம்புலி ரோட்டை அடைத்துக்கொண்டு போனான். நாகப்பன் ஹாரனை அழுத்தியபடி ஓரமாக நுழைந்து முந்தினான். மேகம் முழுசாக அம்பாசிடருக்குள் போனது.

நாகப்பன் இறங்கிய இரண்டாவது நிமிஷம் வேம்புலி வந்து சேர்ந்தான். வெள்ளை வேட்டி சட்டை சாம்பல் நிறத்தில் இருந்தது. முகத்தில் கண் இரண்டு மட்டும் தெரிந்தன. அவனைப் பார்த்ததும் குழந்தை வீரிட்டு அழுது, கையை நீட்டி நாகப்பனிடம் தாவியது. முத்தம்மாளுக்குத் தீர்ப்பு சொல்லவேண்டிய வேலையே இல்லாமல் போய்விட்டது.

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை நாகப்பன் மடியில் உட்கார்ந்தது. ஆசாரி ஊசியைக் காட்டியதும் அலறியது. அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது, பட்டு வேட்டியை நனைத்தது. நாகப்பன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். முடிந்த பிறகும் குழந்தையைக் கீழே விடவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்த வேம்புலி தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "நல்லாத்தான் கீது ஒன் மடியில" என்று சொல்லிவிட்டு சாப்பிடப் போனான்.

திரும்பும்போது சித்தியும் முத்தம்மாள் புருஷனும் அம்பாசிடரில் ஏறிக்கொண்டார்கள். முத்தம்மாள் குழந்தையோடு நாகப்பன் வண்டியில் வந்தாள். வாரண்டி போனதை நினைத்து வருத்தப்படாதே என்று அமீருதீன் ஆறுதல் சொன்னார். நாகப்பன் சட்டைப் பையிலிருந்த ஈயக்குண்டை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டான். அவனுக்கு வருத்தமே இல்லை. இரும்பு ஷூவால் ஒரு மிதி மிதித்தான். வண்டி எழுபதுக்குப் போனது.

பின்சீட்டில் சொர்ணம் கதவுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முத்தம்மாள் காதோரம் குனிந்தாள்.

"மிதிச்சா அமுங்கக் கூடாதுன்னு மூணு மிதியடி போட்டும் அடங்கல முத்தம்மா. நாளைக்கே போயி நாலாவது வாங்கணும்."