செங்கோடன் எந்தக் காட்டுக் கீரி?

ஒரு காட்டில், அதாவது ஆற்றுக்கு இக்கரையில் இருந்த காட்டில், பாவாயி என்ற கீரிக்கு வீடு இருந்தது. அவள் கணவன் செங்கோடனுக்கு வேலை அக்கரைக் காட்டில். அங்கே முயல் குடியிருப்பில் பாம்பு நுழையாமல் காவல் காத்தான். கூலி முட்டையாகக் கிடைத்தது. ஆற்றில் தண்ணீர் வடிந்தால்தான் வீட்டுக்கு வருவான்.

அக்கரையில், "வருஷத்துல பாதிக்கு மேல இங்கேதான் இருக்கே, நீ எங்க காட்டுக்காரன்" என்று வரி பிடித்தார்கள். மீதியோடு இக்கரை ஏறினால் அதிகாரி முள்ளம்பன்றி நிற்பார். "பொண்டாட்டி இங்கே, வீடு இங்கே. நீ எங்க காட்டுக்காரன்" என்று அவரும் பங்கு கேட்பார். வீடு வந்து சேர்கிற முட்டை ஒரு ஆம்லெட்டுக்குத் தேறாது.

செங்கோடன் ஆடிட்டர் ஆமையிடம் போனான்.

"ரெண்டு காடும் உரிமை கொண்டாடினா, மனசு எங்கே இருக்கோ அதுதான் உன் காடு. சட்டம் அப்படித்தான்" என்றார் ஆமை. "வீட்டுல ஒட்டுதல் இல்லைன்னு சொல்லிடு. இக்கரை வரி போயிடும்."

பாம்பையே ஏமாற்றுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று செங்கோடன் நினைத்தான். தன் மூளையைப் பற்றி அவன் கடைசியாகப் பெருமைப்பட்டது அப்போதுதான்.

மறுநாள் அதிகாரி முன் நின்று, "பாவாயியோட எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லைங்க. மனசெல்லாம் அக்கரையிலதான்" என்றான். குரல் தழுதழுத்தது. நடிப்பு இவ்வளவு நன்றாக வருகிறதே என்று உள்ளுக்குள் பூரித்தும் போனான்.

"சாட்சி உண்டா?" என்றார் முள்ளம்பன்றி.

பின்னால் வரிசையில், தன் மீன் வரியைக் கட்ட வந்த பாவாயி நின்றிருந்தாள். "அவரே சொல்லிட்டாருங்க. நான் என்னத்தைச் சொல்ல" என்றாள். வரி தள்ளுபடியானது.

செங்கோடன் கூடை நிறைய முட்டையோடு வீட்டுக்குப் போனான். வாசலிலேயே பாய் விரித்திருந்தது.

"உள்ளே வரட்டுமா பாவாயி?"

"உள்ளே வீட்டுக்காரங்களுக்குங்க. நீங்க அக்கரைக்காரர். தண்ணி குடிக்கிறீங்களா?"

"அது வரிக்காகச் சொன்னது, பாவாயி."

"தெரியுதுங்க. என்னை இல்லைன்னு சொன்னதுல எத்தனை முட்டை மிச்சமாச்சு?"

எந்த எண்ணைச் சொன்னாலும் தப்பாகிவிடும் என்பது அவன் மூளைக்கே புரிந்தது. வெளியில் பாயில் படுத்துக்கொண்டு, பாம்புகள் தன்னைப் பார்த்து எதற்காகப் பயப்படுகின்றன என்று யோசித்தான்.

விடிந்ததும் வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றான்.

"ஐயா, எனக்கு வரி போடுங்க."

முள்ளம்பன்றி நிமிர்ந்து பார்த்தார். "மனசு திரும்பி வந்துடுச்சோ?"

"வந்துடுச்சுங்க."

"அப்படின்னா அபராதமும் சேரும்."

கூடை காலியானது. செங்கோடன் ரசீதைக் கேட்டு வாங்கி, கசங்காமல் வாயில் கவ்விக்கொண்டு வந்து பாவாயியிடம் நீட்டினான். அவள் இரண்டு தடவை படித்தாள். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அதைக் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, பாயைச் சுருட்டி உள்ளே எடுத்துப் போனாள்.

"வாங்க. முட்டை இல்லை. மீன் இருக்கு."

நீதி: மனைவி மேல் உள்ள அன்புக்கு அரசாங்க முத்திரையோடு கிடைக்கும் ஒரே சான்று, இரண்டு தடவை கட்டிய வரி.