காலியிடம் சாரின் புது வெப்சைட்

புது வெப்சைட் வெளியான வெள்ளிக்கிழமை காலை, முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன்னால் நின்றபடி டிசைனர் ஒரு சபதம் எடுத்தார். இன்னும் பதினாலு நாளைக்கு யார் என்ன கத்தினாலும் சரி, ஒரு பட்டனைக்கூட நகர்த்தப் போவதில்லை. சபதத்தின் வேகத்தில் கை ஆடி, தாடையில் லேசாக வெட்டிக்கொண்டார்.

அவருக்கு ஒரு பஸ் கம்பெனியில் வேலை. எந்த பஸ் எத்தனை மணிக்கு எங்கிருந்து கிளம்பும் என்று ஜனங்கள் பார்த்துக்கொள்கிற வெப்சைட் அவர் பொறுப்பு. பழைய வெப்சைட் மஞ்சளாக இருக்கும். எங்கிருந்து, எங்கே, எப்போது என்று மேலே மூன்று கட்டம். கீழே நேரப் பட்டியல். அவ்வளவுதான். பார்க்க மளிகைக்கடைச் சிட்டை மாதிரி இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் டிசைனருக்குப் பல் கூசும்.

ஏழு மாதம் உழைத்துப் புதுசு பண்ணினார். பக்கம் முழுக்க வெள்ளை. நடுவே, பனிமூட்டத்திலிருந்து ஒரு பஸ் வெளியே வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதுபோல் பெரிய படம். எழுத்தெல்லாம் ஒல்லியாக, வெளிர் சாம்பல் நிறத்தில். மற்றபடி ஒன்றும் கிடையாது. "காலியிடம்தாங்க அழகு. கண்ணு மூச்சு விடணும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஆபீசில் அவருக்குக் ‘காலியிடம் சார்’ என்றே பேராகிவிட்டது. அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பஸ் நேரம் எங்கே போயிற்று என்றால், எங்கேயும் போகவில்லை. வலது மூலையில் மூன்று சின்னக் கோடு இருக்கும். அதை அமுக்கினால் பக்கவாட்டில் ஒரு திரை வரும். அதில் ‘உங்கள் பயணத்தைத் தொடங்குங்கள்’ என்பதை அமுக்கினால், பயணத்தின் தத்துவம் பற்றி நாலு வரி வரும். அதற்கும் கீழே போனால் பஸ் நேரம்.

"பதினாலு நாள் பாப்போம்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். "புகார் ஒரு நாளைக்குப் பத்துக்குக் கீழ வந்துட்டா நல்லது. உங்க பிரிவுக்குத் தலைவர் ஒருத்தரைப் போட மேலிடம் சம்மதிச்சிருக்கு. கதவு வச்ச ரூம்."

டிசைனரின் காதில் ரூம் மட்டும்தான் விழுந்தது. மூன்றாம் மாடியில் வரிசையாகப் பதினோரு மேசை. அவருடையது கடைசி. முதுகுக்குப் பின்னால் தண்ணீர் மிஷின். தண்ணீர் குடிக்க வருகிறவர்களெல்லாம் அவர் திரையை ஒரு பார்வை பார்த்து, ஒரு வாய் தண்ணீருக்கு ஒரு அபிப்பிராயம் வீதம் விட்டுவிட்டுப் போவார்கள். கதவு வைத்த ரூம் அவருக்கு ஒன்பது வருஷக் கனவு.

இதில் ஒரே ஒரு சிக்கல். அதே கம்பெனியின் தரைத்தளத்தில், ‘விசாரணை’ என்று பலகை தொங்கும் மேசையில், தலையில் ஹெட்போனோடு பதினோரு வருஷமாக உட்கார்ந்திருந்தவர் அவருடைய மனைவி. பஸ் தவறவிட்டவர்கள், குடையை மறந்துவிட்டு இறங்கியவர்கள் என்று எல்லாருடைய போனும் அவருக்குத்தான் வரும். டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் அவர் விசாரணையக்கா.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் விசாரணையக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏங்க, இன்னைக்கு நூத்திப் பதினாலு பேர் உங்களைக் கேட்டாங்க."

"என்னையா? பேர் சொல்லியா?"

"பேர் சொல்லல. ‘இதைப் பண்ணுனவன் எவன்’னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"தெரியாதுன்னுட்டேன். கல்யாணமாகி பன்னெண்டு வருஷத்துல உங்களுக்காக நான் சொன்ன முதல் பொய்."

"ஜனங்க அப்படித்தான். புதுசுன்னா கத்துவாங்க. போகப் போகச் சரியாயிடும்."

"எங்கங்க போகப் போக? பஸ் நேரம் தெரிஞ்சாத்தானே போவாங்க?"

டிசைனர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அது அந்த வீட்டில் அவருக்கிருந்த ஒரே கதவு.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வெப்சைட்டின் புகார்ப் பெட்டி நிரம்பி வழிந்தது. ‘பஸ் படம் அருமை. பஸ் எங்கே?’ என்று ஒருவர். ‘பனிமூட்டத்தைப் பார்த்ததும் என் மூக்குக்கண்ணாடிதான் அழுக்கு என்று மூன்று தடவை துடைத்தேன்’ என்று ஒருவர். ‘போன மாதம்தான் கண் ஆபரேஷன் செய்துகொண்டேன். உங்கள் எழுத்தைப் பார்த்துவிட்டு டாக்டரோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன். இப்போது அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போக வேண்டும். பஸ் எத்தனை மணிக்கு?’ என்று இன்னொருவர். ‘வலைத்தளம் என்று பேர் வைத்தது நாங்கள் மாட்டிக்கொண்டு துடிக்கத்தானா?’ என்றும் ஒருவர் கேட்டிருந்தார்.

மொத்தம் முந்நூற்று எட்டு. ரூம் கண்ணெதிரே பனிமூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை டிசைனர் ஒரு காரியம் செய்தார். புகார்ப் பெட்டியை முதல் பக்கத்திலிருந்து எடுத்து, ஏழு பக்கம் தள்ளி, கம்பெனியின் வரலாறு முடிகிற இடத்துக்கு அடியில் வைத்தார். சபதம் பட்டனைப் பற்றித்தான், பெட்டியைப் பற்றி அல்ல என்று மனசாட்சிக்கு விளக்கமும் சொன்னார். மறுநாள் வந்த புகார் இரண்டே இரண்டு. அதில் ஒன்று, ‘இந்தப் பெட்டியைக் கண்டுபிடித்ததற்கு எனக்குப் பரிசு உண்டா?’

ஆனால் வெப்சைட்டில் வழி அடைபட்ட கூட்டமெல்லாம் போன் பக்கம் திரும்பியது. விசாரணையக்காவின் ஹெட்போன் கொதித்தது. போனில் வரும் புகார்களை அவர் எழுதி வைக்கும் பதிவேடும் வாரக் கடைசியில் மேனேஜர் மேசைக்குத்தான் போகும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டிசைனர் தானாகவே டீ போட்டு எடுத்துக்கொண்டு மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"என்ன வேணும்?" என்றார் மனைவி, டீயைப் பார்த்தவுடனே.

"ஒண்ணுமில்ல. போன்ல வர்றதையெல்லாம் புகார்னு எழுதுறியா?"

"புகாரைப் புகார்னுதானே எழுதணும்?"

"யோசிச்சுப் பாரு. ‘பஸ் எத்தனை மணிக்கு’ன்னு கேக்குறாங்க. கேள்விதானே? கேள்வின்னா விசாரணை. உன் மேசையிலயே அப்படித்தானே பலகை தொங்குது?"

"‘அறிவிருக்கா’ன்னும்தான் கேக்குறாங்க."

"அதுவும் கேள்விதான்."

மனைவி டீயை நிதானமாகக் குடித்தார். தம்ளரின் விளிம்புக்கு மேல் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க. எல்லாத்தையும் விசாரணைன்னே எழுதிடறேன். ஆனா நான் சாதாரண ஆளு. உங்க பிரிவுலேர்ந்து எழுத்துல ஒரு வரி வந்துட்டா எனக்கும் தைரியமா இருக்கும்."

இவ்வளவு சுலபமாக மனைவி சம்மதித்தது பன்னிரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அங்கேயே டிசைனர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அந்த நிமிஷமே மெயில் அனுப்பினார். ‘புது வெப்சைட் குறித்து வரும் எல்லா அழைப்புகளையும் விசாரணை என்று பதிவு செய்யவும்.’ கீழே பெயர், பதவி, கையெழுத்து.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அவர் மேசையில் ஒரு கற்றைத் தாள் வந்து விழுந்தது. நூற்று நாற்பது பெயர், நூற்று நாற்பது போன் நம்பர். டிசைனர் படியில் ஓடி இறங்கித் தரைத்தளத்துக்கு வந்தார்.

"இது என்ன?"

"விசாரணை" என்றார் மனைவி. "புகார்னா ‘வருந்துகிறோம்’னு ஒரு வரி அனுப்பினா முடிஞ்சுது. விசாரணைன்னா சம்பந்தப்பட்ட பிரிவு இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள போன் பண்ணிப் பதில் சொல்லணும். கம்பெனி விதி எட்டு. உங்க மெயிலையும் சேத்து வச்சிருக்கேன்."

"இதை நேத்தே ஏன் சொல்லல?"

"நீங்க விசாரிக்கலையே!"

வேறு வழியில்லை. டிசைனர் போனை எடுத்தார். முதல் ஆள் ஒரு தச்சர்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு மேல மார்க்கெட்டுக்கு பஸ் உண்டா சார்?"

"வெப்சைட்ல இருக்குமே, பாருங்க."

"அதைப் பாத்துட்டுத்தானே உங்களைக் கூப்பிட்டேன்."

"ஒரு நிமிஷம்" என்று டிசைனர் தன் வெப்சைட்டைத் தானே திறந்தார். மூன்று கோடு. திரை. பயணத்தைத் தொடங்குங்கள். தத்துவம். கை தவறி வேறெதையோ அமுக்க, மறுபடி பனிமூட்டத்துக்கே வந்து சேர்ந்தார்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"தேடிக்கிட்டிருக்கேன்."

"அப்ப உங்களுக்கும் கிடைக்கலையா? நல்லவேளை சார். எனக்குத்தான் மூளை மழுங்கிடுச்சோன்னு பயந்துட்டேன்" என்றார் தச்சர் சந்தோஷமாக.

இப்படியே போயிற்று. சிலர் திட்டினார்கள். சிலர் திட்டி முடித்துவிட்டு நன்றி சொன்னார்கள். முப்பத்தேழாவது நம்பரை அழைத்தபோது, "ஹலோ" என்ற குரலைக் கேட்டதும் டிசைனர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அத்தை?"

"மாப்ளையா? பக்கத்து வீட்டு போன்ல பேசுறேன். பொண்ணுகிட்ட கேட்டா, ‘பிரிவுலேர்ந்து கூப்பிடுவாங்க’ன்னுட்டா. என் போன்ல உங்க பஸ் படத்தை எவ்வளவு நேரம் பாத்தும் நகரவே மாட்டேங்குதேன்னு தட்டினேன். உடைஞ்சு போச்சு. வியாழக்கிழமை தங்கச்சியைப் பாக்கப் போகணும். பஸ் எத்தனை மணிக்கு?"

"பத்தே காலுக்கு அத்தை."

"நல்லா இருப்பா. இதைப் பண்ணுன ஆளை மட்டும் என் கையில காட்டு."

"காட்டுறேன் அத்தை" என்று சொல்லிப் போனை வைத்தார்.

வெள்ளிக்கிழமைக்குள் டிசைனருக்குப் பாதிப் பட்டியல் மனப்பாடம் ஆகிவிட்டது. மீதிப் பாதிக்குப் பழைய மஞ்சள் பக்கத்தை அச்செடுத்து மேசையில் ஒட்டி வைத்துக்கொண்டார். தண்ணீர் குடிக்க வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீரை மட்டும் வழக்கத்தைவிட நிதானமாகக் குடித்தார்கள்.

அவரை உண்மையிலேயே அசைத்தது ஒரு நர்ஸின் போன். திட்டவே இல்லை அந்தப் பெண். "ரெண்டு மணிக்கு டியூட்டி முடியும் சார். ரெண்டு பத்துக்கு பஸ். ஓடிக்கிட்டே பாக்கணும், ஒரு கையில பை இருக்கும். முன்னெல்லாம் கட்டைவிரலாலயே பாத்துடுவேன். இப்ப ரெண்டு நாளா பஸ் போயிடுச்சு, குழந்தை ஸ்கூல் வாசல்லயே நின்னுக்கிட்டிருந்துது. வேற ஒண்ணுமில்ல சார்." டிசைனர் பஸ் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். வைத்த கையை எடுக்கத் தோன்றவில்லை. ஏழு மாதமாகத் தான் பார்த்துப் பார்த்து ரசித்த காலியிடத்தில் ஒரு குழந்தை நின்றுகொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை யாரிடமும் சொல்லாமல் மூன்று கட்டத்தையும் பக்கத்தின் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்தார். எழுத்தைக் கறுப்பாக்கிக் கனமாக்கினார். புகார்ப் பெட்டி பழைய இடத்துக்கே வந்தது. பனிமூட்ட பஸ் தபால்தலை அளவுக்குச் சுருங்கி மூலைக்குப் போயிற்று. செவ்வாய்க்கிழமை பதினேழு போன் வந்தது. வியாழக்கிழமை நாலு. அதில் இரண்டு குடை.

பதினைந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். டிசைனர் இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். உள்ளே மனைவியும் உட்கார்ந்திருந்தார். வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறாள், என்ன இருந்தாலும் மனைவி இல்லையா என்று டிசைனருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

"பிரமாதம்! புகார் மொத்தமா ஓஞ்சு போச்சு" என்றார் மேனேஜர். "நீங்களே முந்நூறு பேருக்கு மேல போன் பண்ணியிருக்கீங்க. யார் செய்வா இதை? மேலிடத்துல அசந்துட்டாங்க."

"கடமைதானே சார்" என்று டிசைனர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். கதவுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று யோசனை ஓடிற்று.

"ஒரே ஒரு வருத்தம். தலைவர் பதவிக்கு நீங்க ஏன் விண்ணப்பம் போடல?"

"விண்ணப்பமா?"

"நம்ம வெப்சைட்லயே ‘காலியிடம்’னு அறிவிப்புப் போட்டிருந்தோமே. முதல் பத்து நாள்தான் கெடு."

"எந்த இடத்துல சார்?"

"பக்கத்தை அமைச்சது நீங்க. என்னைக் கேக்குறீங்களே! எல்லாமே காலியிடமா இருந்ததுல எது காலியிடம்னு யாருக்கும் தெரியல போல. வந்தது ஒரே ஒரு விண்ணப்பம்."

டிசைனர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"பனிமூட்டத்துக்கு அடியில இருந்துச்சுங்க, சாம்பல் கலர்ல" என்றார் விசாரணையக்கா. "நாளெல்லாம் எல்லாருக்கும் போன்ல வழி சொல்லிச் சொல்லி எனக்கு மூலைமுடுக்கெல்லாம் அத்துப்படி ஆயிடுச்சு."

"போட்டது மட்டுமில்ல, யாருக்கு எது வேணும்னு முந்நூறு பேரோட தேவையையும் தனித்தனியா எழுதி இணைச்சிருக்காங்க" என்றார் மேனேஜர். "இந்தப் பிரிவுக்கு ஜனங்களைத் தெரிஞ்ச ஆள்தான் வேணும். திங்கட்கிழமையிலேர்ந்து இவங்கதான் உங்களுக்குத் தலைவர்."

வீடு திரும்பும் பஸ்ஸில் டிசைனர் ஜன்னலோரமாக உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். சனிக்கிழமை முழுக்க மௌனம். ஆனால் கோபத்தைவிட, நர்ஸுக்கு பஸ் கிடைத்த சந்தோஷம் உள்ளுக்குள் கொஞ்சம் அதிகமாகவே இருந்ததால் மௌனம் நீடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி முன்னால் போய் நின்றார்.

"ஒரு விஷயத்தை இப்பவே தெளிவாப் பேசிடுவோம்."

"பேசுங்க."

"ஆபீஸ்ல நீ தலைவர். ஒத்துக்கிறேன். ஆனா வீட்டுல நான்தான் தலைவர்."

"சரிங்க."

"முடிவெல்லாம் நான்தான் எடுப்பேன்."

"நீங்கதான் எடுக்கணும்."

டிசைனருக்கே ஆச்சரியம். மடித்த துணியை மனைவி அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்ப நாளைக்குக் காலையில என்ன சமையல்னு நீங்களே முடிவு பண்ணுங்க. பண்ணி, டப்பாவுலயும் கட்டி வச்சிடுங்க. எனக்கு எட்டு மணிக்கு மீட்டிங்."

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு வீட்டுத் தலைவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.