நாற்பது மணி நேரமும் ஓர் உள்ளாளும்

விளம்பர எழுத்தாளருக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. தான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காக அவர் எழுதிய ஒற்றை வரியை இணையத்தில் ஒரு ரிடையர்டு கணக்கு வாத்தியார் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றிருந்தார்.

'ஒருமுறை சார்ஜ் செய்தால் நாற்பது மணி நேரம்.' அவ்வளவுதான் வரி. மூன்று மாதம் கழித்து வரப்போகும் லேப்டாப்புக்கு எழுதியது. முதலில் முப்பது என்றுதான் எழுதியிருந்தார். முப்பதில் ஒரு கெத்து இல்லை என்று மேனேஜர் திருத்திவிட்டார்.

"ஸ்கிரீன் ஓடும்போதா, அணைச்சு வெச்சிருக்கும்போதா?" என்று வாத்தியார் கேட்டிருந்தார்.

எழுத்தாளர் பேசாமல் இருந்திருக்கலாம். வேலை நிரந்தரமாகும் கடிதம் வெள்ளிக்கிழமை கைக்கு வர வேண்டும். மனைவியோ அது வந்துவிட்டதாகவே அம்மா வீட்டில் சொல்லி வைத்துவிட்டாள். ஆனால் மனுஷனுக்குக் கை சும்மா இருக்குமா? 'உள்ளாள்' என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு உள்ளே புகுந்து, ஓடும்போதுதான் என்று அடித்துவிட்டார்.

அப்படியானால் பேட்டரி கனக்குமே என்றார் வாத்தியார். மொத்தமே எண்ணூறு கிராம்தான் என்றார் உள்ளாள். அத்தனை சின்னதில் சூடு தாங்காதே என்றார் அவர். சூடே ஆகாது, உள்ளே ஃபேன்கூடக் கிடையாது என்றார் இவர். ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யை முட்டுக் கொடுத்துக் கொடுத்து, புதன்கிழமைக்குள் அந்த லேப்டாப் தண்ணீரில் விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளும் என்ற அளவுக்கு வந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை ஒரு செய்தித் தளம் 'ரகசியம் கசிந்தது' என்று அத்தனையையும் போட்டது. மேனேஜர் கொதித்துப்போனார். அந்தத் துரோகியைக் கண்டுபிடிக்கும் வேலையை விளம்பர எழுத்தாளரிடமே ஒப்படைத்தார். எழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லக்கூடியவர் ஆபீஸில் அவர் ஒருவர்தானாம்.

அவர் உடனே இணையத்துக்குப் போனார். நான் சொன்னதெல்லாம் சுத்தப் பொய் என்று உள்ளாள் பெயரிலேயே எழுதிப் பார்த்தார். ஒருத்தரும் நம்பவில்லை. பாவம், கம்பெனி மிரட்டியிருக்கிறது, அப்போ எல்லாம் உண்மைதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கணக்கு வாத்தியாரே மன்னிப்புக் கேட்டுவிட்டு, தனக்கொன்று மருமகளுக்கொன்று என்று இரண்டு லேப்டாப் முன்கூட்டியே புக் செய்தார்.

வேறு வழியில்லாமல் மனைவியிடம் சொன்னார்.

"நாளைக்கு நீங்களே போய் ஒத்துக்கோங்க. அவங்களா கண்டுபிடிச்சா இன்னும் அசிங்கம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை போய் ஒத்துக்கொண்டார். மேனேஜர் மேஜைமேல் தயாராக இருந்த நிரந்தரக் கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். பிறகு, என்னென்ன ரகசியம் வெளியே போயிருக்கிறது என்று சரிபார்க்க, தலைமை இன்ஜினியராக இருந்த அம்மாவை வரச் சொன்னார்.

அந்த அம்மா ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். உள்ளாள் எழுதிய அத்தனையும் பிரிண்ட் எடுத்து, வரிக்கு வரி கோடு போட்டிருந்தார்.

"இவர்தானா அது? அனுப்பிடாதீங்க சார். நாங்க என்ன கம்ப்யூட்டர் செய்யணும்னு எங்களுக்கு இதுவரைக்கும் சொன்ன ஒரே ஆள் இவர்தான்" என்றார் அந்த அம்மா.