ஒரே மங்கில் இரண்டு கம்பி

புகைமூட்டம் வந்து பட்டப்பகலில் லாரிகள் விளக்கு போட்டுக்கொண்டு போன வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். எல்லோரும் வாயில் துணி கட்டிக்கொண்டு திரிந்தோமே, அந்த வருஷம். அதற்கு அடுத்த வருஷம்தான் நான் எங்கள் வீட்டு இன்டர்நெட்டைச் சரி செய்தது. (சரி செஞ்சேன்னு நான்தான் சொல்றேன். வீட்டுல வேற மாதிரி சொல்லுவாங்க.)

நம்பர் போட்டு வருஷம் சொல்ல எனக்கு வராது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் மழை. எனக்கு வருஷமெல்லாம் இப்படித்தான்: பெரிய வெள்ளம் வந்த வருஷம், மானேஜர் வீட்டு நாய் என்னைக் கடித்த வருஷம், அதே நாய் செத்த வருஷம். நாய் செத்ததற்கும் எனக்கும் சம்பந்தமில்லை.

அப்போது நான் எஸ்டேட்டில் பால் ஸ்டோரில் வேலை. மரம் சீவுகிறவர்கள் மங்கு மங்காகச் சேர்த்துக் கொண்டுவரும் ரப்பர் பாலைத் தொட்டியில் ஊற்றி, ஆசிட் கலந்து உறைய வைப்பது. மங்கு என்றால் மரத்தில் கட்டி பால் பிடிக்கிற கிண்ணம். அந்த வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் ஆனதால் எனக்கு ஒரு நம்பிக்கை: ரப்பர் பாலால் சரியாகாத பொருள் உலகத்தில் கிடையாது. சைக்கிள் டியூப், செருப்பு, கூரை ஒழுகல், எல்லாவற்றுக்கும் பால்தான். ஒரு திருவிழாவில் கோயில் மேளம் கிழிந்தபோது அதற்கும் பூசினேன். அது பிறகு மாடு இருமுகிற மாதிரி சத்தம் போட்டது. அந்தக் கதையை அப்புறம் சொல்கிறேன். (இல்ல, சொல்லமாட்டேன். அது தனி அவமானம்.)

வீடு, கோலா சுங்கை பாரு போகிற ரோட்டில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வரிசை வீடு. நான், என் மனைவி பாக்கியம், மகள் வாணி. வாணி மலாக்கா டவுனில் ஒரு ஆபீசில் வேலை செய்துகொண்டே கம்ப்யூட்டர் பாடம் படித்தாள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றும், டெலிபோன் வயரில் மாட்டுகிற மோடம் என்ற டப்பா ஒன்றும் வாங்கி வந்தாள். அதைப் போட்டால் கோழிக்குஞ்சுகளை டின்னில் அடைத்துக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம் வரும். சத்தம் நின்றால் இன்டர்நெட் வந்துவிட்டது என்று அர்த்தம். மழை பெய்தால் போய்விட்டது என்று அர்த்தம்.

புகையெல்லாம் கலைந்து அந்த வருஷம் நல்ல மழை. வெளியே முதல் தூறல் விழும், உள்ளே வாணி, "அலாமாக்! மறுபடியும் கட்டாயிருச்சு!" என்று கத்துவாள். போனை எடுத்தால் அப்பளம் பொரிக்கிற மாதிரி கரகர சத்தம்.

"வயர் பழசுப்பா. ஜாயிண்ட்ல தண்ணி எறங்குது" என்றாள். "வெளிநாட்டுல இன்ஜினியருங்க இதே செம்புக் கம்பியில இன்டர்நெட்ட இன்னும் பல மடங்கு வேகமா ஓட வைக்கிறாங்களாம். போன் பேசிக்கிட்டே இன்டர்நெட்டும் பாக்கலாமாம். நம்ம ஊருக்கு எப்ப வருமோ?"

"அவனுங்க எஸ்டேட்ல வேல செஞ்சிருக்கானுங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்குப்பா?"

"சும்மா கேட்டேன்."

அவள் அந்த நேரமே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் கூரைக்குக் கீழே டெலிபோன் வயர் சேருகிற இடத்துக்கு ஏணி போட்டு ஏறினேன். இரண்டு கம்பி, பழைய டேப், உள்ளே எறும்புக் குடும்பம். கம்பிகளைச் சுரண்டிப் புதிதாக முறுக்கி, தனித்தனியாக ரப்பர் பால் தடவி, வெயிலில் காயவிட்டேன். அன்றைக்குச் சாயந்திரம் கொட்டிய மழைக்குக் கரகர சத்தமே இல்லை! வாணி ஒரு மணி நேரம் கட்டாகாமல் படித்தாள்.

"அப்பா, கெட்டிக்காரர்தான் நீங்க!" என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எதிர் வீட்டுச் சின்னப்பன்கூட வந்து சொன்னார்: "அண்ணே, டெலிபோன் ஆபீஸ் லைன்ல கை வைக்காதீங்கலா. தெரிஞ்சா போனப் புடுங்கிருவான். போலீஸ் கேசாக்கிருவான்." ஆனால் புகழ்ச்சி யாரை விட்டது? தடவினதற்கே இந்தப் பலன் என்றால், கம்பியைப் பாலிலேயே ஊறவைத்தால்? இன்டர்நெட் சீறிக்கொண்டு வராதா?

இதற்கு நடுவில் வீட்டில் பெரிய விஷயம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வாணிக்கு உம்பாயிலிருந்து ஒரு வரன். பையன் பெயர் குமரேசன். பையனின் அம்மாவும் பாக்கியமும் கோயில் திருவிழாவில் பார்த்துப் பேசியிருந்தார்கள். (நான் பாக்கல. நான் அன்னதான வரிசையில நின்னேன். ரெண்டாந்தடவ.) வாணிக்கும் படத்தைப் பார்த்துப் பிடித்திருந்தது, படத்தைத் திருப்பித் தரவே இல்லை. "பையன் என்ன வேலை?" என்று கேட்டதற்குப் பாக்கியம், "வயர் வேலை" என்றாள். வீடுகளுக்குக் கரண்டு இழுக்கிறவர் என்று நினைத்துக்கொண்டேன். ஜாதகம் பொருந்தினால் சனிக்கிழமைக்குள் போன் போட்டு, பெண் பார்க்க வருகிற நாளைச் சொல்வதாகப் பேச்சு. பெண் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு போன் அடிப்பது மரியாதை இல்லை. அவர்கள் அடிக்க வேண்டும், நாம் காத்திருக்க வேண்டும்.

வாணி அந்த வாரக் கடைசி பரீட்சைக்காக டவுனில் தோழி வீட்டில் தங்கப் போனாள். போன பிறகு, வெள்ளிக்கிழமை காலையில் நான் ஏணியில் ஏறினேன். இரண்டு கம்பியின் தோலையும் ஒரு விரல் நீளத்துக்கு உரித்தேன். சுவரில் ஒரு மங்கைக் கட்டினேன். இரண்டு கம்பியையும் அந்த ஒரே மங்குக்குள் இறக்கிப் பாலை ஊற்றி, நாலு சொட்டு ஆசிட் விட்டேன். மேலே அழகாக ஆடை கட்டியது. கீழே இறங்கி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன்.

சத்தமே இல்லை. கரகர இல்லை. கொர்ர்ர் என்று எப்போதும் வருமே, அதுகூட இல்லை. பால் கறந்த பிறகு மாட்டுக் கொட்டகை இருக்குமே, அப்படி ஒரு அமைதி.

"பாக்கியம்! இங்க வா, கேளு! எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு!"

அவள் ஓடிவந்து ரிசீவரைப் பிடுங்கி வைத்தாள். "எடுக்காதீங்க! நீங்க எடுக்குற நேரம் பாத்து அவங்க அடிச்சா? இனிமே யாரும் அதத் தொடக்கூடாது."

யாரும் தொடவில்லை. வெள்ளி முழுக்கவும் சனி முழுக்கவும் பாக்கியம் போன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வெங்காயம் அங்கேயே உரித்தாள். நான் கைலியை உதறினால்கூட, "சத்தம் போடாதீங்க" என்றாள். போன் அடிக்கவில்லை. சனிக்கிழமை பொழுது சாயும்போது அவள் கண் கலங்கிவிட்டது.

"வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்க போலருக்கு. சொல்ல மனசில்லாம சும்மா இருக்காங்க. வாணிகிட்ட என்னங்க சொல்றது?"

"ஜாதகம் பாத்த ஐயர் சரியில்ல" என்றேன் நான். மங்கு தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. வேறு என்ன செய்வது, மனசு சரியில்லாவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. மங்கில் பால் கொஞ்சம் வற்றியிருந்ததால் இன்னும் ஊற்றலாம் என்று வாளியோடு ஏறினேன். கைலி, கிழிந்த பனியன். மேலே நிற்கும்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வேன் தலையில் ஏணி. காக்கிச் சட்டை போட்ட ஒரு இளைஞர் இறங்கினார். இடுப்பில் இடுக்கி, டெஸ்டர், ஒரு போன். முன் சீட்டில் பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மா.

டெலிபோன் ஆபீஸ்! சின்னப்பன் சொன்னது சரிதான். பட்டுச்சேலை அம்மா பெரிய ஆபீசராக இருக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

"ஐயா, உங்க லைன் ரெண்டு நாளா எங்கேஜ்ட்டாவே இருக்கே?" என்றார் இளைஞர், பணிவாக.

"அதுங்களா…" என்றேன். பொய் ஒன்று தேவைப்பட்டது. அவசரத்தில் கைக்கு அகப்பட்டது பெற்ற பிள்ளைதான். "என் மகதாங்க. காலையில புடிச்சா ராத்திரி வரைக்கும் போன்லதான். விடாம பேசுவா. பேசிப் பேசி வயர் சூடாகி உருகிருச்சு. நான் தண்ணி ஊத்தி ஆத்திக்கிட்டு இருக்கேன்."

வேன் கதவு திறந்தது. பட்டுச்சேலை அம்மா இறங்கினார்.

"கேட்டியாடா குமரேசா? நான் சொன்னேனா இல்லையா? ரெண்டு நாளா எப்ப அடிச்சாலும் எங்கேஜ்டு. அந்தப் பொண்ணு யார்கூடயோ பேசிக்கிட்டே இருக்குதுன்னு சொன்னேன்ல? நீதான் ‘இல்லம்மா, அது லைன் கோளாறு, நேர்ல போய்ப் பாப்போம்’னு இழுத்துக்கிட்டு வந்தே. இப்பப் பாரு, பெத்த அப்பனே சொல்றாரு!"

குமரேசா. வயர் வேலை, அதாவது டெலிபோன் வயர். உம்பாய். மூன்றும் ஒன்றாக என் மண்டையில் இறங்கியபோது, ஊற்றத் தூக்கிப் பிடித்திருந்த வாளி கையில் நிற்கவில்லை. பால் முழுவதும் என் தலையில்.

சத்தம் கேட்டு வெளியே வந்த பாக்கியம் முதலில் அந்த அம்மாவைப் பார்த்தாள். "ஐயோ, வாங்க சம்பந்தி! வாங்க!" என்று கை கூப்பினாள். பிறகு ஏணியில் வெள்ளையாக ஒழுகிக்கொண்டிருந்த உருவத்தைப் பார்த்தாள். கூப்பின கை அப்படியே நின்றுவிட்டது.

"சம்பந்தின்னு சொல்ல இன்னும் நேரம் வரலங்க" என்றார் உம்பாய் அம்மா.

அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வாணி பையோடு வந்து சேர்ந்தாள். படத்தில் பார்த்த முகத்தை வாசலில் பார்த்ததும் நின்றாள். பிறகு மேலே பார்த்தாள்.

"அப்பா! என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

அந்தக் குரலில் இருந்த பயம் இருக்கிறதே, அதுதான் என்னை ஏணியிலிருந்து இறக்கியது. ஒவ்வொரு படியாக இறங்கி, உம்பாய் அம்மா முன்னால் நின்றேன். கண் இமையில் பால் காய்ந்து ஒரு கண் திறக்கவில்லை.

"தாயி, நான் சொன்னது பொய்ங்க. போலீசுக்குப் பயந்துகிட்டு சொல்லிட்டேன். எம்மக வெள்ளிக்கிழமையிலருந்து வீட்டுலயே இல்ல. லைனக் கெடுத்தது நான்."

"இப்ப மகளுக்காகப் பொய் சொல்றீங்க" என்றார் அவர். நியாயம்தான். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

குமரேசன் ஏணியில் ஏறினார். மங்குக்குள் பார்த்தார். முகர்ந்தார். அவருடைய தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்கே புரிந்தது.

"அம்மா, இங்க பாருங்க. ரெண்டு கம்பியும் ஒரே மங்குக்குள்ள ஈரத்துல நிக்குது. ஈரத்துல கரண்டு ஓடும். ஓடுனா, யாரோ ரிசீவரத் தூக்கிட்டாங்கன்னு எக்ஸ்சேஞ்ச் நெனச்சுக்கும். ஆளே இல்லன்னாலும் எங்கேஜ்ட்தான். இப்ப அடிச்சுப் பாருங்க."

அவருடைய கைப்பேசியில் அந்த அம்மா எங்கள் நம்பரை அடித்தார். எங்கேஜ்ட். வாணி எதிரிலேயே நின்றாள், வாயை மூடிக்கொண்டு. குமரேசன் கம்பிகளை வெளியே இழுத்து, ஆசிட் பட்டுப் பச்சை பிடித்த முனையை வெட்டி, புதிதாக முறுக்கித் தனித்தனியாக டேப் சுற்றினார்.

"இப்ப அடிங்கம்மா."

வீட்டுக்குள் போன் அடித்தது! இரண்டு நாளாகக் காத்திருந்த பாக்கியம், எல்லாவற்றையும் மறந்து உள்ளே ஓடினாள்.

"ஹலோ! யாருங்க? உம்பாய்ங்களா?"

"ஆமாங்க" என்றார் வாசலில் நின்ற அம்மா. இப்போது அவர் வாயோரம் லேசாக ஆடியது. "ஜாதகம் பொருந்தியிருக்குங்க. பொண்ணு பாக்க வர்றோம்."

"ரொம்ப சந்தோசங்க! எப்ப வர்றீங்க?"

"வாசல்லதாங்க நிக்கிறோம். உங்க வீட்டுக்காரரக் கொஞ்சம் தொடச்சு விட்டீங்கன்னா உள்ள வருவோம்."

வாணி கோப்பி கொண்டுவந்து கொடுத்தாள். குமரேசன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்க மோடம் மழையில கட்டாவுதா?" அவள் சொன்ன முதல் பதில், "மழையவிட எங்கப்பாதாங்க பிரச்சினை." இரண்டு பேரும் சிரித்தார்கள். பாவி மகள், என்னை விற்றுத்தான் அவள் கல்யாணப் பேச்சைத் தொடங்கினாள். நானும் அவளை விற்றவன்தானே, கணக்குத் தீர்ந்தது.

தலையில் காய்ந்த ரப்பர் பால் சோப்புக்கும் வரவில்லை, எண்ணெய்க்கும் வரவில்லை. மொட்டைதான். ஒரு பக்கப் புருவமும் போயிற்று. நிச்சயதார்த்தப் படத்தில் எல்லோரும் பட்டும் பூவுமாக நிற்க, நடுவில் ஒற்றைப் புருவத்தோடு நான். எந்தக் கோயில் வேண்டுதல் என்று கேட்டவர்களுக்குப் பாக்கியம், "டெலிபோன் சாமிக்கு" என்று சொல்லிவிட்டாள்.

பிறகு பல வருஷம் கழித்து அந்த வேகமான இன்டர்நெட் எங்கள் தாமானுக்கும் வந்தது. அதே பழைய செம்புக் கம்பிதான். போன் பக்கம் மாட்டுகிற சின்ன வெள்ளை டப்பாவை மாப்பிள்ளையே கொண்டுவந்தார். ஒரே கம்பியில் பேச்சு ஒரு வழியாகவும் இன்டர்நெட் வேறு வழியாகவும் போகும், ஒன்றோடொன்று கலக்காமல் இந்த டப்பா பிரிக்கும் என்று விளக்கினார்.

"நானும் இதத்தான் செஞ்சேன்" என்றேன்.

"இல்ல மாமா. நீங்க பிரிக்கவேண்டியதச் சேத்து வச்சிட்டீங்க" என்றார். அப்படிச் சொல்லிவிட்டு வாணியைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த மங்கு, உறைந்த பாலோடு, அவர்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இன்னும் இருக்கிறது. யாராவது போனை எடுக்காவிட்டால் பேரப்பிள்ளைகள், "தாத்தா மங்கு கட்டிட்டாரா?" என்று கேட்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. என் மனசை உறுத்துவது வேறு. ஏணியில் நின்று நான் சொன்ன பொய்யை வேன் பக்கத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள், அது உம்பாய் வரைக்கும் போய், இன்றைக்கும் கல்யாண வீடுகளில், "அந்த வாணியா? பேசிப் பேசி வயர உருக்குன பொண்ணுதானே?" என்கிறார்களாம். அவள் பேசவே இல்லை. பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள், பாஸும் ஆனாள். அதனால் இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட நீங்கள் உம்பாய்ப் பக்கம் மீன் சாப்பிடப் போனால், யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: வயரைக் கெடுத்தது அப்பன்காரன். நானே போன் போட்டுச் சொல்லியிருப்பேன். வீட்டில் என்னைப் போன் பக்கம் விடுவதில்லை.