மன்னிப்புக்கு ஓர் ஒத்திகை

“சாரி மேடம். நான் பேசினது தப்புதான். மன்னிச்சிடுங்க.”

பூகோள மேடத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்னங்க இது அநியாயம்! நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள மன்னிப்பு கேட்டா எப்படி? அந்த மனுஷன் கேட்பாரா? தலைகீழா நின்னாலும் கேட்க மாட்டாரு! நீங்க அவரா நடிக்கத்தானே இங்க உட்கார்ந்திருக்கீங்க?”

எதிர் நாற்காலியில் இருந்த ஒத்திகைக்காரர் அசடு வழிந்தார். “நீங்க அழற மாதிரி இருந்தீங்க மேடம். மனசு கேட்கலை.”

“என் அழுகையைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க. அதை நிறுத்தறதுக்குத்தானே வந்திருக்கேன்!”

பல்கலைக்கழகத்தில் புதிதாக ‘உரையாடல் உதவி மையம்’ என்று ஒன்றைத் திறந்திருந்தார்கள். மேலே இருப்பவரிடம் பேசப் பயமா, பக்கத்து மேசைக்காரரோடு மனஸ்தாபமா, யாராவது உங்களை மட்டம் தட்டுகிறார்களா, அங்கே போகலாம். நேராகப் போய் மோதுவதற்கு முன்னால், ஒரு ஆளை எதிரே உட்கார வைத்துப் பேசிப் பழகிக்கொள்ளலாம். அந்த ஆள்தான் ஒத்திகைக்காரர். முன்பு நாடகங்களில் நடித்தவராம். யாரைப் பற்றிச் சொன்னாலும் அப்படியே அவராக மாறிவிடுவாராம். மாறின லட்சணத்தைத்தான் பார்த்தோமே.

மேடத்தின் வழக்கு இதுதான். கால அட்டவணைக் கூட்டத்தில் அட்டவணைக் குழுவின் தலைவர், அதாவது இயற்பியல் பேராசிரியர், அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: “பாருங்கம்மா, பூகோளத்துக்குத் தனியா ஒரு ஆள் எதுக்கு? அட்லஸைப் பிரிச்சு வெச்சா யார் வேணும்னாலும் எடுக்கலாமே.” கூட்டமே சிரித்தது. சிரித்ததோடு விட்டார்களா? முதலாண்டு பூகோள வகுப்பைப் பிடுங்கி விளையாட்டு ஆசிரியரிடம் கொடுத்துவிட்டார்கள். ஓடத் தெரிந்தவருக்கு ஊர் தெரியாதா என்று நினைத்தார்கள் போல.

அந்த வகுப்புதான் மேடத்தின் உயிர். பள்ளிக்கூடத்தில் பூகோளம் என்றாலே கொட்டாவி விட்டுப் பழகிய பிள்ளைகள், அவர் வகுப்பில் மூன்றாம் வாரமே மேகத்தைப் பார்த்துச் சண்டை போட ஆரம்பித்துவிடுவார்கள். அட்டவணை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் பேராசிரியரிடம் பேசி வகுப்பைத் திரும்ப வாங்கியாக வேண்டும். ஆனால் மேடத்துக்கு ஒரு சாபக்கேடு. கோபம் வந்தால் கூடவே அழுகையும் வந்துவிடும். அந்த மனுஷன் முன்னால் போய் அழுதால் அதற்கும் சிரிப்பாரே!

“சரி, அவர் எப்படின்னு சொல்லுங்க,” என்றார் ஒத்திகைக்காரர்.

மேடம் எழுந்து நின்று நடித்தே காட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். தொண்டையைச் செருமினார். “இப்படித்தான் ‘பாருங்கம்மா’ன்னு ஆரம்பிப்பாரு. நான் என்ன சொன்னாலும் விட்டுக் கொடுக்கக் கூடாது. கொடூரமா இருங்க!”

“முயற்சி பண்றேன். ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன், அவர் உண்மையிலேயே மன்னிப்பு கேட்டுட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?”

“உடனே ஒத்துக்குவேனா? நல்ல கதையா இருக்கே! ‘ஒரு நிமிஷம்!’னு இந்த விரலை இப்படி நீட்டி, ‘வாய் வார்த்தைக்கு மசியற ஆள் நான் இல்லை’ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன். பட்ட அவமானம் எனக்குத்தானே தெரியும்?”

ஒத்திகைக்காரர் அந்த விரலையே உற்றுப் பார்த்தார். தன் விரலையும் ஒரு தடவை நீட்டி மடக்கிக்கொண்டார். தொழில் புத்தி.

வெளியே வந்தால், நடைவழியில் இயற்பியல் பேராசிரியரே எதிரில் வந்தார். தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தவர், மேடத்தைக் கண்டதும் சட்டென்று கழிவறைப் பக்கம் திரும்பிவிட்டார். அது பெண்கள் கழிவறை. உள்ளேயிருந்து ஒரு கூச்சல் கேட்டு, மனுஷன் வந்த வழியே ஓடினார். முகத்தைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லையாம்! என்ன திமிர்!

வீட்டில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கணவரைப் பிடித்து உட்கார வைத்தார் மேடம்.

“நீங்கதான் பேராசிரியர். நான் திட்டுவேன், நீங்க எதிர்த்துப் பேசணும்.”

“எதிர்த்தா?” கணவர் கத்தியைக் கீழே வைத்தார். “எனக்கு அதெல்லாம் வராதும்மா. நான் என்ன பண்ணியிருந்தாலும் மன்னிச்சிடு.”

வீட்டிலும் இதே கதை!

அடுத்த ஒத்திகையில் விஷயமே வேறு. மேடம் உட்காரும்போதே எதிரே கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. தொண்டை செருமியது. மேடத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. அசல் அவரேதான்!

“பாருங்கம்மா, எல்லார் கையிலயும் போன் இருக்கு. போன்ல மேப் இருக்கு. இதுல நீங்க எதுக்கு?”

“மேப் வழிதான் காட்டும் சார். அந்த ஆறு ஏன் அங்க ஓடுது, அந்த ஊர் ஏன் அங்க உண்டாச்சு…”

“தண்ணி பள்ளத்துக்கு ஓடும். இதுக்கு ஒரு டிகிரியா?”

மேடத்தின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு, பள்ளத்தைப் பார்த்து ஓடவும் செய்தது.

“எப்படி மேடம் இருந்துச்சு?” என்றார் ஒத்திகைக்காரர், கண்ணாடியை இறக்கிவிட்டு ஆசையாக.

“ரொம்ப நல்லா இருந்துச்சு,” என்றார் மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது நல்ல நல்ல பதிலாக வரிசைகட்டி வந்தது. வந்து என்ன செய்ய? பக்கத்தில் நின்றவர்தான் பயந்து நகர்ந்துகொண்டார்.

மூன்றாவது ஒத்திகைக்கு மேடம் பதில்களை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனார். ஒத்திகைக்காரருக்குக் குரல் கம்மியிருந்தது. மேசையில் எப்போதும் இருக்கும் டிஷ்யூ டப்பா காலி.

மேடம் ஆரம்பித்தார். “சார், நீங்க அன்னிக்குப் பேசினது…”

“ஒரு நிமிஷம்!” ஒத்திகைக்காரரின் விரல் நீண்டது. “வாய் வார்த்தைக்கு மசியற ஆள் நான் இல்லை!”

ஒத்திகைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ஐயோ, சாரி மேடம். வேஷம் மாறிப் போச்சு.”

“வேஷம் மாறிப் போச்சா? என் விரலை என்கிட்டயே ஆட்டறீங்க! என் வார்த்தையை எனக்கே திருப்பிச் சொல்லிக் கேலி பண்றீங்க! அவர் என் பாடத்தைத்தான் கேலி பண்ணினாரு. நீங்க என்னையே பண்றீங்களே!”

மேடம் விருட்டென்று வெளியே வந்தார். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வரவேற்பு மேசைப் பெண்ணிடம் கையை நீட்டினார். “ஒரு டிஷ்யூ குடும்மா.”

“தீர்ந்துடுச்சு மேடம். உங்களுக்கு முன்னாடி வந்தவரு ஒரு டப்பாவையே காலி பண்ணிட்டாரு.”

“யாரு அந்தப் பாவம்?”

“அதை மட்டும் கேட்காதீங்க. இங்க ரகசியம்தான் மேடம் முக்கியம். என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வராது,” என்றாள் பெண் பெருமையாக.

மேடம் நேராக மைய இயக்குநரின் அறைக்குப் போய் ஒத்திகைக்காரர் மேல் புகார் சொன்னார். இயக்குநர் பஞ்சு மாதிரி பேசும் அம்மாள்.

“உங்க கோபத்தை நான் மதிக்கிறேன். இதை நீங்க அவர்கிட்டயே நேரா சொல்லணும். கஷ்டமா இருந்தா, முதல்ல என்கூட ஒத்திகை பாருங்க. நான் ஒத்திகைக்காரரா நடிக்கிறேன்.”

மேடத்துக்குத் தலை சுற்றியது. “அவரே பேராசிரியரா நடிக்கிறவரு. நீங்க அவரா நடிக்கிறீங்க. அப்ப நான் யார்கிட்டங்க பேசறேன்?”

“இந்தக் குழப்பத்தையும் நான் மதிக்கிறேன்.”

“மதிச்சது போதும்! என் வகுப்பு போகப் போகுது, நீங்க எல்லாரும் இங்க நாடகம் போட்டுக்கிட்டு இருக்கீங்க!”

அதோடு மையத்தின் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று மேடம் முடிவு செய்தார். ஆனால் அந்த விரல் மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. வியாழக்கிழமை மதியம், விளையாட்டு ஆசிரியர் அட்லஸோடு வந்து நின்றார்.

“மேடம், இதுல வடக்கு எந்தப் பக்கம்னு சொல்லிட்டீங்கன்னா, மத்ததை நான் பார்த்துக்குவேன்.”

மேடம் வடக்கு எது என்று காட்டிவிட்டு, விடுவிடுவென்று படியிறங்கினார். முதலில் அந்த ஒத்திகைக்காரரை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை! படி முடியும் இடத்தில் இயற்பியல் பேராசிரியர் நின்றிருந்தார். இந்தத் தடவை ஓடுவதற்கு அவருக்கு இடம் இல்லை.

“மேடம், நான் உங்ககிட்ட ஒண்ணு…” என்று ஆரம்பித்தார்.

“அப்புறம் சார்!” மேடம் இருந்த வேகத்தில் யாரிடம் பேசுகிறோம் என்பதே மறந்துபோயிற்று. “முதல்ல என் வயித்தெரிச்சலைக் கேளுங்க. போன்ல மேப் இருக்கும்போது நான் எதுக்குன்னு கேட்கிறாரு ஒருத்தர்! தண்ணி பள்ளத்துக்கு ஓடும், இதுக்கு ஒரு டிகிரியான்னு கேட்கிறாரு! இது நியாயமா?”

பேராசிரியர் முகம் சுருங்கிப் போனது. “ஐயையோ, அவ்வளவா நான்… யார் மேடம் அப்படிச் சொன்னது?”

“அந்த மையத்துல ஒத்திகைன்னு ஒரு ஆள் உட்கார்ந்திருக்காரே, அவர்தான்!”

“அந்த ஆளா!” பேராசிரியருக்குச் சட்டென்று முகம் சிவந்தது. “அந்த ஆளுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாது மேடம். தண்ணி பள்ளத்துக்கு ஓடும்னா, எந்தப் பள்ளம், ஏன் பள்ளம்னு சொல்ல வேண்டாமா? அதை எல்லாராலயும் சொல்லிட முடியுமா? முந்தாநாள் என் பேரன் பருவமழை எங்கேருந்து வருதுன்னு கேட்டான். எனக்கே சொல்லத் தெரியலை.”

“ஆடியில தென்மேற்குலேருந்து, ஐப்பசியில வடகிழக்குலேருந்து சார்.”

“பார்த்தீங்களா! வாங்க, நானும் வர்றேன். ரெண்டுல ஒண்ணு பார்த்துடலாம்.”

மேடத்துக்கு யானை பலம் வந்தது. எவ்வளவு நல்ல மனுஷன், இவரைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்புறம்தான் அன்றைக்குக் கூட்டத்தில் பேசியதே இவர்தான் என்பது நினைவுக்கு வந்தது. திரும்பி முறைத்தார். அதற்குள் மையத்தின் வாசல் வந்துவிட்டது.

வாசலில் பேராசிரியரின் கால் பின்வாங்கியது. “நீங்க உள்ள போய்ப் பேசுங்க மேடம். நான் இங்கேயே நிக்கிறேன்.”

“அதெல்லாம் முடியாது. எனக்குச் சாட்சி வேணும்.” மேடம் அவர் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

ஒத்திகைக்காரர் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தார். கண்ணாடி தானாக நெற்றிக்கு ஏறியது, விரல் தானாக நீண்டது. எதை இறக்குவது, எதை மடக்குவது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

“இவர்தான் சார்!” மேடம் கத்தினார். “மனசுல ஈவு இரக்கமே இல்லாத ஆள்! கேளுங்க சார், எனக்காக நல்லா கேளுங்க!”

பேராசிரியர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

வரவேற்பு மேசைப் பெண் புது டிஷ்யூ டப்பாவோடு உள்ளே வந்தாள். பேராசிரியரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“அட, இன்னிக்கு மேடத்தையே நேர்ல கூட்டிட்டு வந்துட்டீங்களா சார்? நல்லதாப் போச்சு. இவரு மேடமா நடிச்சா, நீங்க எத்தனை தடவை அழுதுக்கிட்டே மன்னிப்பு கேட்டாலும் ஒத்துக்கவே மாட்டேங்கிறாரு!”